முருகன் படத்தைக் கொளுத்த மனம் வராதவனுக்கு

இன்று சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே, பழைய புத்தகக் கடையில் ஒரு குற்றக் கதைப் புத்தகம் அகப்பட்டது. கடைசிப் பக்கத்தில் உன் கோழிக்கிறுக்கல்: "இங்கதான் மாட்டுனான் மடையன்." பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்து இரண்டு வருடமாகியும் நீ அடங்கவில்லை.

நாம் மாற்றி மாற்றிப் படித்ததெல்லாம் ஒரே ரகம். மழை பெய்யும் வெளிநாட்டு ஊர். சோற்றுக்குக் குறைவில்லாத ஒருவன். அவனுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். இன்ஷூரன்ஸுக்காக எதையாவது செய்துவிட்டு, சின்ன விஷயத்தில் சிக்குவான். நீ தறிச் சத்தத்துக்கு மேல் கத்துவாய்: "மாப்ள, நானா இருந்தா இப்பிடி மாட்டுவனா?" நானும் பல்லைக் காட்டிச் சிரித்திருக்கிறேன். அந்தக் கதைகளை நீ சமையல் குறிப்பு மாதிரி படித்திருக்கிறாய் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சூலூரில் உன் தறிக்கூடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எரிந்தது. உள்ளே ஆள் இல்லை. "வயரிங் கோளாறுங்க" என்று இன்ஷூரன்ஸ்காரரிடம் கூசாமல் சொன்னாய். அந்த வயரிங் நான் செய்தது. பள்ளிக்கூடத்திலிருந்து உன்னோடு சுற்றியவன் நான், அது உனக்கு நினைவுக்கே வரவில்லை. ஒரே வாரத்தில் ஊரில் யாரும் என்னைச் சுவிட்சைத் தொட விடவில்லை.

சட்டையைப் பிடித்துக் கேட்கத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். கூடத்துச் சுவரில் முருகன் படம் மாட்டியிருந்தது. எரிவதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை நான் மோட்டார் ஸ்டார்ட்டர் மாற்ற வந்தபோது தறிக்கூடத்தில், நான் மாட்டிக்கொடுத்த சிவப்புப் பல்புக்குக் கீழே, மாலையோடு தொங்கிய அதே படம். ஒரு பொட்டுக் கரி இல்லை.

"இது எப்படிடா இங்கே?"

நீ என் கையைப் பிடித்து உட்கார வைத்தாய். "சாமி படத்தக் கொளுத்தற பாவம் நமக்கெதுக்கு மாப்ள? சனிக்கெழமையே எடுத்தாந்துபோட்டேன்."

என் பிழைப்பைக் கொளுத்துவது பாவமாகத் தெரியவில்லை உனக்கு.

"வயரிங் தப்புன்னு ஒரு கையெழுத்துப் போட்டுரு. கலங்கல் ரோட்டுல மூணு சென்ட் எடம் உனக்கு" என்றாய்.

மறுநாள் இன்ஷூரன்ஸ்காரரை உன் வீட்டுக் கூடத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அப்புறம் போலீஸ், கோர்ட்டு, வாய்தா. தீர்ப்புக்கு முன்பே உனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. அதிலும் தப்பித்துக்கொண்டாய். சாவுக்கு நான் வரவில்லை.

இப்போது ஊரில் எனக்கு நல்ல பெயர். "ஏனுங்க, சிநேகிதனுக்காகக்கூடப் பொய் சொல்லாத மனுசனுங்க" என்று வயரிங் வேலைக்குக் கூப்பிட்டு, வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அன்று உன் கூடத்தில் நான் ஐந்து சென்ட் கேட்டதும், நீ மூன்றுக்கு மேல் தர முடியாது என்றதும் அவர்களுக்குத் தெரியாது. கொடுத்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதைத் தெரிந்த ஒரே ஆள் நீ. உன்மேல் இருக்கிற ஆத்திரம் ஒருநாள் ஆறிவிடும். என்மேல் இருப்பதை யாரிடம் போய்ச் சொல்வேன்?