வீட்டுப் பாத்தி வெண்டைக்காய்

மே 12, திங்கள்

காலையிலேயே கொதிக்கிறது. லேபில் ஏசி மெஷினுக்கு மட்டும். நமக்கு ஃபேன், அதுவும் மேலே ரா. சார் பக்கம் திரும்பியபடி.

இன்று: திராட்சை 4, கறிவேப்பிலை 2, துவரம்பருப்பு 1. அரைத்து, பத்து கிராம் நிறுத்து, கரைசல் ஊற்றிக் குலுக்கி வைப்பது. பூச்சிமருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மெஷின் சொல்லும்.

பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் தம்பி பாண்டி வந்து நின்றான். வாடிப்பட்டியில் வெண்டை போட்டிருக்கிறான். திருநகரில் ஒரு இயற்கைக் காய்கறிக் கடை அவனிடம் வாராவாரம் எடுக்கத் தயாராம், ரிப்போர்ட் கேட்கிறார்களாம். மஞ்சள் பையில் இரண்டு கிலோ.

"மதினி, நீங்க இருக்கையில எனக்கென்ன? பாத்துச் செய்யுங்க."

"பாக்குறது மெஷினு. எந்தப் பாத்தியில பறிச்ச?"

சிரிக்கிறான். கேட்டிருக்கவே வேண்டாம். பம்புசெட் ஓரம் மருந்தடிக்காமல் வீட்டுக்கென்று இரண்டு பாத்தி எல்லோரும் விடுவார்கள். யாவாரத்துக்கு வேறு, வயிற்றுக்கு வேறு. லேபுக்கு என்றால் மட்டும் வீட்டுப் பாத்தியில் பறிப்பார்கள். கொண்டுவந்த காயைத்தான் நாங்கள் சோதிக்கலாம், தோட்டத்தை அல்ல.

எரிச்சல். ஆனாலும் வாங்கி வைத்தேன். ஞாயிறுதோறும் அதே வீட்டுப் பாத்தியிலிருந்துதான் எங்களுக்கும் ஒரு பை வருகிறது. பாப்பாவுக்கு மூன்று வயது, வெண்டை தவிர வேறு காய் இறங்காது. ஊரான் பிள்ளைக்கு மருந்துக்காய், என் பிள்ளைக்கு நல்ல காய். நான் எந்த வாயால் பாண்டியைக் கேட்பது.

மே 13, செவ்வாய்

வெண்டைக்கு பிளாங்க் இல்லை. மருந்தே படாத வெண்டையை முதலில் ஓட்டி, மெஷின் போடும் கோடு தட்டையாக வருகிறதா என்று பார்த்தபிறகுதான் மற்றவன் காயை ஓட்டமுடியும். எடுத்துவைத்திருந்தது ஃப்ரிட்ஜில் கொழகொழ. யாரோ மகராசன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு போன் சார்ஜ் போட்டிருக்கிறான்.

நாளை வீட்டுக் காயைக் கால் கிலோ கொண்டுபோகவேண்டும். கேஸ் புக் பண்ணவேண்டும். பாப்பாவுக்குச் செருப்பு.

மே 14, புதன்

வீட்டுக் காயில் போட்ட என் பிளாங்க்கில் மூன்று முள். கோடு தட்டையாக இருக்கவேண்டிய இடத்தில் வேல்கம்பு மாதிரி நிற்கிறது. ஒவ்வொரு முள்ளும் ஒரு மருந்து.

ரா. சார் (ராஜாமணி, சீனியர், அவர் நினைப்பில் ஓனர்) எல்லோர் முன்னும்: "பொம்பளப்பிள்ளைக்கு ஏனம் கழுவத் தெரியலன்னா வீட்டுல எப்படிம்மா சமைக்கிற?"

இந்த ஆள் உருப்படமாட்டான்.

மே 15, வியாழன்

மிக்சி ஜார் மாற்றினேன். குழாய், மூடி எல்லாம் புதுசு. கை இரண்டு தடவை.

வெறும் கரைசல்: தட்டை.
பாண்டி கொண்டுவந்த காய்: தட்டை.
எங்கள் வீட்டுக் காய்: மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் அதே மூன்று முள். ஒன்று காய்ப்புழுவுக்கு அடிக்கிற மருந்து, அனுமதித்த அளவைத் தாண்டி எங்கேயோ.

மெஷின் சுத்தம். என் கையும் சுத்தம். இரண்டு பையும் ஒரே தோட்டம். அவன் லேபுக்குக் கொண்டுவந்ததுதான் வீட்டுப் பாத்தி. எங்களுக்கு வருவது அது இல்லை.

பாத்ரூமில் போய் நின்றேன். நேற்று பாப்பா டப்பாவில் வெண்டைப் பொரியல். வைத்தது நான். இன்னும் கொஞ்சம் கேட்டாள் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ரா. சார்: "அப்ப வேற காயி கொண்டாந்து ஓட்டு." மன்னிப்பு என்ற சொல்லெல்லாம் அந்த வாயில் வராது.

மே 16, வெள்ளி

ஒரு கூட்டாளி வீட்டு மாடித்தோட்டத்துக் காய் கிடைத்தது. பிளாங்க் சரி. பாண்டி ரிப்போர்ட் போய்விட்டது. மருந்து இல்லை என்று என் கையெழுத்து. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அதுதான் வயிறெரிகிறது.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் பாண்டி வீட்டில் கேட்கவேண்டும்.

மே 17, சனி

அரைநாள் லீவு. வாடிப்பட்டி பஸ், நின்றபடி.

பாண்டி வாயைத் திறக்குமுன் அவன் பெண்டாட்டி கலா: "ரெண்டு பாத்தியில எம்புட்டுக்கா காய்க்கும்? எங்க வீட்டுல ஆறு வாயி. அதுலயே உங்களுக்கும் குடுத்தா நாங்க என்னத்தத் திங்க?"

"பெறகு ஏன் வீட்டுப் பாத்திக் காயின்னு சொல்லி அனுப்புற?"

"தானமாக் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்குறீகளாக்கும்? டவுன்ல எல்லாரும் அதத்தான திங்கிறாக."

பாண்டி கிணற்றைப் பார்த்துக்கொண்டே: "மதினி, கடைக்காரர்ட்ட மட்டும் வாய விட்றாதீங்க."

பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காபியைத் தொடாமல் வந்தேன். இனி அந்த வாசலை மிதித்தால் என்னைக் கேள்.

மே 18, ஞாயிறு

வெட்கமே இல்லாமல் இன்றும் பை வந்துவிட்டது. இவர்தான் பஸ் ஸ்டாப்பில் போய் வாங்கிவந்தார். லேபில் ஓட்டியது, கலா சொன்னது, எல்லாவற்றையும் கத்தித் தீர்த்தேன். செருப்பைக் கழற்றியபடியே சொல்கிறார்:

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பாப்பா பொறந்தப்ப மூணு மாசம் உன் பத்தியத்துக்கு வீட்டுப் பாத்தியில குடுத்தாங்க. அப்புறம் கட்டுப்படியாகலன்னு கலா சொல்லுச்சு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ தம்பி வீட்டுக் காயத் தொடமாட்ட. அவன் மனசு கஷ்டப்படும்ல. நல்லாக் கழுவுனாப் போயிரும்னு நெனச்சேன்."

மூன்று வருடம். வாராவாரம் அந்தப் பையை வாங்கி என் கையில் கொடுத்தவர்.

பை முழுக்க நறுக்கினேன். தேங்காய்ப்பூ போட்டு, அவருக்குப் பிடித்த பக்குவம். மதியம் பாப்பாவுக்குத் தயிர்ச்சோறு, எனக்கு ஊறுகாய். பொரியல் இவர் தட்டில் மட்டும், குவித்து.

பாப்பா தட்டை நீட்டினாள். "எனக்கு?"

"அப்பா மொதல்ல சாப்பிடட்டும்டா."

தட்டில் வைத்த கையை இவர் எடுத்துக்கொண்டார். வயிறு சரியில்லையாம்.