ஒரு சுவர் பாக்கி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், அப்பா நலம், ஏணிக்கு மட்டும் ஒரு கால் ஆட்டம் கண்டுவிட்டது, அதற்கும் கட்டுப் போட்டாயிற்று. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே ஐயோ அம்மா என்று கத்துவாய். கடிதத்தில் நீ கத்தினால் எனக்குக் கேட்காது, முழுசும் படித்துத்தான் ஆகவேண்டும். உட்கார்ந்து படி.

உன்னோடு வேலை பார்க்கும் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது, அவள் அப்பா பஸ் டிப்போவில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், சிரிக்கவே மாட்டார், நான் லீவில் வந்து பேசும்வரை நீங்கள் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினாய் அல்லவா. நாங்கள் போகவில்லையடா, அந்தத் தெருதான் எங்களைக் கூப்பிட்டது. ஒரு நாள் காலையில் ஒரு அம்மா போன் பண்ணி, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கவேண்டும், வந்து பார்த்து விலை சொல்லுங்கள் என்றார். விலாசம் கேட்டால் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே பச்சை கேட் போட்ட வீடாம். நீ சொன்ன அதே பச்சை கேட். தேடி வந்த வேலையை வேண்டாம் என்று சொன்னால் தொழில் என்னத்துக்கு ஆகும், நீயே சொல். நாம் யார் என்று மூச்சு விடக்கூடாது, பார்த்துவிட்டு மட்டும் வருவோம் என்று அப்பாவுக்குச் சொல்லிக் கூட்டிப்போனேன். சிரிக்கலாமா, அதுவும் கூடாதா என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார்.

நம் வீட்டில் விலை பேசுவது நான், பூசுவதுதான் அவர் என்பது உனக்குத் தெரியும். அவரை அனுப்பினால் வீட்டுக்காரர் ஒரு பெருமூச்சு விட்டதும் பாதி விலைக்கு இறங்கிவிடுவார். நான் சுவரை விரலால் தேய்த்துப் பார்த்தேன், மாவு மாவாக வந்தது. பின்னறையில் குழாய் ஒழுகி ஈரம் ஏறி உப்புப் பூத்திருந்தது. பெண்ணின் அப்பா, அந்தச் சிரிக்காத மனிதர், டேப்பை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்து ஒவ்வொரு கதவாக, ஒவ்வொரு ஜன்னலாக அளந்து, இதையெல்லாம் கழித்துவிட்டுச் சொல்லவேண்டும் என்றார். கழிக்கலாம் ஐயா, ஆனால் சுவரில் ரோலரை ஓட்டுவதைவிட ஜன்னலில் படாமல் சுற்றி ஓரம் பிடிப்பதுதான் பெரிய வேலை, அதையும் கூட்டவேண்டும் என்றேன். டேப் சட்டென்று சுருண்டு உள்ளே போய்விட்டது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆனால் விலை சொல்லும் நேரத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மற்ற இடம் என்றால் பேரத்துக்கென்று கொஞ்சம் ஏற்றிச் சொல்வேன், அவர்கள் குறைப்பார்கள், நான் அழாத குறையாக ஒத்துக்கொள்வேன், இரண்டு பக்கமும் சந்தோஷம். இங்கே ஏற்றிச் சொன்னால் நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது, அன்றைக்கு நம்மிடமே ஏற்றிச் சொன்ன பெண்பிள்ளைதானே இவள் என்பார்கள். குறைத்துச் சொன்னால் என்ன உள்நோக்கம் என்று சந்தேகப்படுவார்கள். உன் கல்யாணம் என் நுனி நாக்கில் நிற்கிறது. வேறு வழியில்லாமல் என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக உள்ள விலையை அப்படியே சொன்னேன். அவர் வழக்கப்படி குறைக்கச் சொன்னார். நான், "இதுக்குக் கீழ குறைச்சா எங்கயாவது ஒரு கை பட்டிப் பூச்சு குறையும். எந்தச் சுவர்ல குறைக்கட்டும்னு நீங்களே காட்டுங்க" என்றேன். மனிதர் ஒவ்வொரு சுவராகப் பார்த்தார், ஒன்றையும் காட்ட மனசு வரவில்லை. சரி, நாளைக்கே ஆரம்பியுங்கள் என்றுவிட்டார். பார்த்துவிட்டு வரப்போனவர்கள் வேலையோடு திரும்பினோம்.

சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பட்டி பார்த்து, அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து எல்லாம் முறையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று அவர் ஒரு நாள் அப்பாவைக் கேட்டிருக்கிறார். உன் அப்பா ஏணி மேலிருந்து, "அவளைத்தாங்க கேக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மட்டும் என்ன ஒழுங்கு, கூடத்தில் மாட்டியிருந்த அந்தப் பெண்ணின் படத்தை இறக்கியபோது, மற்ற சாமானையெல்லாம் பிளாஸ்டிக்கில் போட்டு மூடிவிட்டு அதை மட்டும் என் புதுத் துண்டில் சுற்றிக் கட்டில் மேல் வைத்தேன். திரும்பினால் அந்தம்மா வாசற்படியில் நிற்கிறார். நான் தூசி தட்டுகிற மாதிரி கையை உதறிக்கொண்டு நழுவினேன். நல்ல முகமடா அந்தப் பெண்ணுக்கு, உன்னிடம் என்னத்தைக் கண்டாளோ.

அலமாரி விஷயத்தில்தான் எனக்கும் அப்பாவுக்கும் தகராறு. பெரிய அலமாரிக்குப் பின்னால் ஒரு கோட் போதும், யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். கேட்கவில்லை, அதை நகர்த்தி இரண்டு கோட்டும் அடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். கடைசி நாள் அந்த மனிதர் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போனது எங்கே தெரியுமா, அந்த அலமாரிக்குப் பின்னால். வெளிச்சம் போட்டு மேலும் கீழும் பார்த்துவிட்டு, மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தம்மா டம்ளரை என் கையில் கொடுத்து, "குடிங்க சம்பந்தி, டீ ஆறுது" என்றார்.

பெண் எப்போதோ உன் படத்தைக் காட்டி எல்லாம் சொல்லிவிட்டாளாம். ஊரெல்லாம் அலைந்து விசாரிப்பதைவிட, பெற்றவர்களை வீட்டுக்குள் விட்டு வேலை வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அந்தம்மாவின் யோசனை. நான் அவர்களை வேவு பார்க்கப் போனேன், அவர்கள் என்னைக் கூலி கொடுத்து வேவு பார்த்திருக்கிறார்கள். உன் அப்பா உடனே பாக்கிக் கூலி வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டார். அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "சம்பந்தம் வேற, சுவர் வேற. பிடிங்க" என்று கையில் திணித்தார். பையன் அப்பா மாதிரியா அம்மா மாதிரியா என்று கேட்டார். வேலையில் அப்பா மாதிரி, வாயில் என்னை மாதிரி என்றேன். வேலையைப் பற்றிச் சொன்னது பொய், நீ ஒரு தடவை ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்ததில் ஜன்னலைவிட உன் முழங்கைதான் பளபளத்தது. ஆனால் அப்போது அவர் சிரித்தார், நான் கண்ணால் பார்த்தேன், நல்ல வரிசையான பல்.

இனி உன் பொறுப்பு. பெண்ணின் அறையில் ஒரு சுவரைப் பிரைமரோடு நிறுத்தச் சொல்லிவிட்டார், அதை மாப்பிள்ளை வந்து அடிக்கட்டும், ஓரம் பிடிக்கத் தெரிகிறதா பார்க்கிறேன் என்றார். அதற்கு என்ன விலை என்று என்னைக் கேட்டார். அந்தச் சுவருக்கு நான் விலை சொல்லமாட்டேன், அடிக்கிறவன் வந்து பேசிக்கொள்வான் என்று சொல்லிவிட்டேன். என்ன நிறம் என்று அவளிடம் கேட்டு வை, நீயாக ஒன்றும் முடிவு பண்ணாதே. லீவு போடு, சீக்கிரம் வா. கிளம்பும்போது புதுச்சட்டையெல்லாம் வாங்கிக் காசைக் கரைக்காதே, பழைய சட்டை ஒன்று மறக்காமல் கொண்டு வா. இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடு, சிரித்த முகத்தோடு நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் சத்தியத்தை மீறாத அம்மா.
பக்கத்தில் நின்று இப்போதாவது சிரிக்கலாமா என்று கேட்கும் அப்பா.