கைப்பிடி ஒரு பக்கம், பெல்ட் மறுபக்கம்

அன்பும் கோபமும் இன்னும் குறையாத மச்சான் துரைசாமிக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்பும் ஐந்து வருடம் நாம் பேசிக்கொள்ளவில்லை. இப்போது நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் என் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். உன் தங்கை சரோஜா எதிரில் அவரைக்காய் ஆய்கிறாள். யாருக்கு எழுதுகிறேன் என்று அவள் கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

உன் காரியத்துக்கு நான் வரவில்லை. ஆபீஸில் அறிக்கை முடிக்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். உன் தங்கை தாராபுரத்துக்குத் தனியாகப் போய்விட்டுத் தனியாகவே திரும்பினாள். அவள் அதை மறக்கவில்லை. நான் உன் கடிதத்தை மறக்கவில்லை. ஆறு பக்கம். அதில் என் பெயர் பதினோரு இடத்தில் வருகிறது. எண்ணியிருக்கிறேன்.

நம் கதை தெரியாதவர்களும் இதைப் படிக்க நேரலாம், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நீ கால்நடை மருத்துவன், நான் நீர்ப் பொறியாளன். இருவரையும் நியூ ஜெர்சியில் இருந்த ஒரே நிறுவனம் வேலைக்கு எடுத்தது. கென்யாவும் எத்தியோப்பியாவும் சந்திக்கும் வறண்ட பூமியில், எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாடும் ஒட்டகமும் மேய்க்கிற இரண்டு கூட்டத்தாருக்கு நடுவே சண்டை. அதைக் குறைக்கவும் அவர்கள் பிழைப்பு நிலைக்கவும் உதவ வேண்டும் என்பது திட்டம். நீ அங்கேயே தங்கிவிட்டாய். நான் இங்கிருந்து வரைபடம் பார்த்தேன், வருடத்துக்கு இரண்டு முறை வந்து போனேன்.

இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு பெரிய சமவெளி இருந்தது. அங்கே பாறைக்கு அடியில் நல்ல தண்ணீர். ஆழ்குழாய்க் கிணறு போட்டு ஆயில் எஞ்சின் வைக்கலாம் என்று அந்த இடத்தைக் குறித்தேன். வரைபடத்தில் அது காலியாக இருந்தது. அதைக் காலியாக வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

உனக்கு உறைத்தது. மழைக் காலத்தில் யாரும் அங்கே கால் வைப்பதில்லை. தண்ணீர் இல்லாததால் தங்கவும் முடியாது. கடைசிக் கோடையில் வேறெங்கும் புல் இல்லாதபோதுதான் இரண்டு பக்கத்தாரும் முறை வைத்து வருவார்கள். அந்தப் புல்தான் அவர்களுடைய சேமிப்பு. அந்த முறைதான் அவர்களுடைய சமாதானம்.

லீவில் வந்திருந்தபோது இதே மேஜையில்தான் சொன்னாய். “மாப்ளே, நம்மூர்க் கொறங்காட்டுல படலைத் தொறந்து போட்டா புல்லு என்னாகும்னு உனக்குத் தெரியாதா? வருசம் பூரா தண்ணி கெடைச்சா வருசம் பூரா மாடு நிக்கும். அப்பறம் கோடைக்கு என்னத்தத் திங்கும்?”

நான் சொன்ன பதில் உனக்கு நினைவிருக்கும். “மாட்டு டாக்டர் மாட்டைப் பாரு. தண்ணிய நான் பாத்துக்கறேன்.”

மேய்ச்சல் நிலத்துக்குக் கிளுவை வேலி போட்டு, அந்தக் கொறங்காட்டில் பாதியை மேய்த்துப் பாதியை ஆறப் போடுகிற ஊரில் பிறந்தவன் நான். வேறு எந்த ஊர்ப் பொறியாளன் அந்தத் தப்பைச் செய்திருந்தாலும் மன்னிக்கலாம்.

கிணறு வந்தது. மாடுகள் வந்தன, பிறகு போகவே இல்லை. இரண்டு கோடையில் சமவெளி வெறும் மண்ணானது. அப்புறம் துப்பாக்கிகள். நீ நம் ஆபீஸ் மேலிடத்துக்கு ஆறு பக்கம் எழுதினாய். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. நீ நேரில் கேட்டிருக்கலாமே என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நேரில் கேட்டபோது என்ன பதில் சொன்னேன் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டேன்.

போன வசந்தத்தில் உன் குயோ இங்கே வந்தார். அந்த மண்ணின் ஆள், உன்னோடு பத்து வருடம் மாடுகளுக்கு ஊசி போட்டுத் திரிந்தவர். ஆபீஸில் இரண்டு வாரப் பயிற்சி. ஹோட்டல் வேண்டாம், டாக்டரின் தங்கை வீட்டில் தங்குகிறேன் என்று அவரே கேட்டிருக்கிறார். எனக்கு இஷ்டமில்லை. அதற்குள் சரோஜா மாடி அறையில் படுக்கையை விரித்துவிட்டாள்.

வந்த மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுவதைக் குயோ வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்டிய புல்லைப் பையில் கட்டிக் குப்பைக்கு வைத்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. இந்தத் தெருவில் இருபது பசு வளர்க்கலாமே, ஏன் ஒன்றுகூட இல்லை என்று கேட்டார். டவுன்ஷிப்காரர்கள், அதாவது இந்த ஊர் நிர்வாகம், அபராதம் போடுவார்கள் என்றேன். உங்கள் கிழவர்கள் மேய்ச்சலுக்கு முறை வைக்கிற எங்கள் கிழவர்களைவிடக் கடுமையானவர்கள் போலிருக்கிறது என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் நான் சிரித்தேன்.

சாப்பிடும்போது உன்னைப் பற்றிச் சொன்னார். மாட்டு நோய்க்கு எல்லைக்கோடு கிடையாது என்று சொல்லிச் சொல்லியே இரண்டு பக்கத்து மாடுகளையும் ஒரே நாளில், ஒரே பட்டியில் ஊசிக்கு நிறுத்தினாயாமே. மாட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற நேரத்தில் பேசாமல் இருக்க முடியுமா? முதலில் திட்டிக்கொண்டார்களாம். பிறகு மாட்டைப் பற்றிப் பேசினார்களாம். நீ இறந்த வாரம் இரண்டு பக்கத்தாரும் ஆயுதம் இல்லாமல் அந்தப் பட்டிக்கு வந்து நின்றார்களாம். சரோஜா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பட்டிப் பேச்சிலிருந்துதான் இரண்டு கூட்டத்துக்கும் ஒரு ஒப்பந்தம் வந்திருக்கிறது. மழை மாதங்களில் கிணற்றை நிறுத்துவது. எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிற கைப்பிடி ஒரு கூட்டத்திடம் இருக்கும், எஞ்சினையும் பம்பையும் இணைக்கிற பெல்ட் மறு கூட்டத்திடம் இருக்கும். கோடையில் இரண்டு பேரும் வந்தால்தான் தண்ணீர். 

“டவுனில் இன்னொரு பெல்ட் வாங்கிவிட்டால்?” என்று கேட்டேன்.

“வாங்கலாம், தாராளமாகக் கிடைக்கும்” என்றார் குயோ. “ஆனால் வாங்கியவன் வீட்டில் அப்புறம் யார் பெண் எடுப்பார்கள்?”

ஒரே ஒரு சிக்கல். வெளிநாட்டு உதவியில் போட்ட கிணற்றை மூட வேண்டுமென்றால், போட்ட பொறியாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்று அங்குள்ள அரசு அலுவலகம் சொல்லிவிட்டது. மழைக்கு முன் அது போய்ச் சேராவிட்டால் மாடுகள் மறுபடி இறங்கிவிடும்; பேச்சும் முறிந்துவிடும். அதற்காகத்தான் அவர் வந்தது. பயிற்சி எல்லாம் சாக்கு.

அதே வாரம் எங்கள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். நீர்ப் பிரிவுக்குத் தலைவர் போடப்போகிறார்கள், என் பெயரும் இருக்கிறது, பழைய விவகாரங்களைக் கிளற வேண்டாம் என்றார். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இனி ஒரு தடவை கேட்பார்களா?

எனவே சாமர்த்தியமாக ஒரு கடிதம் எழுதினேன். “நிலைமை மாறியிருப்பதால் பருவகால மூடல் பரிசீலிக்கத்தக்கது.” குயோ படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். “இதை வாசித்துக் காட்டினால் எங்கள் பெரியவர்கள், தப்பு மழையுடையது என்று நினைத்துக்கொள்வார்கள்.”

சரோஜா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: “எங்கண்ணன் ஆறு பக்கம் எழுதுனாருங்க. நீங்க மூணு வரி எழுதக் கூடாதுங்களா?”

எழுதினேன், மச்சான். இடத்தைத் தேர்ந்தவன் நான். அது தவறான இடம் என்று டாக்டர் துரைசாமி அப்போதே சொன்னார். மழை மாதங்களில் கிணற்றை மூட என் முழுச் சம்மதம். ஆபீஸ் தாளிலேயே எழுதி, இயக்குநருக்கும் ஒரு பிரதி வைத்து, குயோ கையில் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைக்கு உட்பக்கம் வைத்துக்கொண்டார்.

தலைவர் பதவி டெக்சாஸிலிருந்து வந்த ஒரு இளைஞனுக்குப் போயிற்று. அவனை எனக்குப் பிடிக்கவில்லை. அதை நான் மாற்றிக்கொள்ளப் போவதும் இல்லை.

ஆனால் போன வாரம் குயோவின் மின்னஞ்சல் வந்தது. மழைக் காலம் முழுக்கக் கிணறு மூடிக் கிடந்தது. சமவெளியில் புல் முழங்கால் உயரம். கோடை தொடங்கியதும் இரண்டு பக்கத்தாரும் வந்தார்கள், ஒருவர் கைப்பிடியோடு, ஒருவர் பெல்ட்டோடு. நடுவில் ஒரு நாள் ஆட்டுத் திருட்டு நடந்திருக்கிறது. பழைய நாளாக இருந்தால் அதற்கு நாலு உயிர் போயிருக்கும். திருடியவன் கூட்டத்தாரே ஆடுகளைக் கொண்டுவந்து விட்டுப் போனார்களாம். இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே லாரியில் ஒட்டகப் பாலை டவுனுக்கு அனுப்புகிறார்கள். யார் பால் முதலில் ஏறுவது என்று தினமும் சண்டையாம். அந்தச் சண்டை இருக்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அந்த ஐந்து வருடத்தில் நீ எப்போதாவது போன் செய்தாயா? சரோஜா எடுத்து, நான் பேச மாட்டேன் என்று தெரிந்து, வைத்துவிட்டாளா? அவளைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்னொரு கிணறு வேண்டும் என்று இரண்டு கூட்டத்தாரும் கேட்டிருக்கிறார்கள். என்னைத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள், டெக்சாஸ்காரனை அல்ல. லீவு போட்டுவிட்டேன், சரோஜாவும் வருகிறாள். மச்சான், உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். முதல் ஒரு மாதம் உன் ஊசிப் பட்டியில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், வாயைத் திறக்க மாட்டேன். பிறகு இரண்டு கூட்டத்தாரும் சேர்ந்து நடந்து போய் எந்த இடத்தைக் காட்டுகிறார்களோ, அங்கே துளை போடுவேன். என் கணக்குப்படி அங்கே தண்ணீர் குறைவாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டியவன், உன்னோடு பாதிச் சமாதானம் ஆகிவிட்ட
உன் மாப்பிள்ளை பழனிச்சாமி