கிடங்குப் படத்தை வெளியே விட்டவள் நான்தான்

கோவில்பதாகை, ஆவடி
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது

என் கண்ணு ரெனிதாவுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி ரிச்சர்டும் சுகம். ஷில்லாங் குளிரில் உன் உடம்பு எப்படி, மனசு எப்படி? மனசைத்தான் அழுத்திக் கேட்கிறேன், ஏன் என்று படித்தால் புரியும். நிமிஷத்துக்கு நாலு மெசேஜ் போடுகிற அம்மா ஏன் பேனா பிடித்து ஸ்பீடு போஸ்ட்டில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனால் வந்த வினையைப் போனில் பேச வாய் வரவில்லை, அது ஒன்று. கையெழுத்துப் போட்ட காகிதம் உன் கைக்கு வந்து சேர வேண்டும், அது இன்னொன்று.

வியாழக்கிழமை உன் ஆபீஸ் ஸ்ரீகாந்த், அதான் அயனம்பாக்கத்துப் பையன், லீவில் வந்தவன் நீ கொடுத்தனுப்பிய சால்வையைக் கொண்டுவந்து கொடுத்தான். பச்சைக் கரை போட்டது, அவ்வளவு மெத்து, இந்த வெயிலிலும் ஒரு தடவை போர்த்திப் பார்த்துவிட்டேன். காப்பி குடித்துக்கொண்டே அவன், “ஆன்ட்டி, அந்த போட்டோ மேட்டர்ல வெளக்கம் கேட்டு மெமோ குட்த்துகிறாங்களே, ரெனிதா பதில் குட்த்துட்டாளா?” என்றான். எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்டிருக்கிறான் பாவம், என் முகத்தைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துகொள்ளப் பார்த்தான். நான் விடவில்லை, உட்கார வைத்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். நீங்கள் ஐந்து பேர் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கைத் தணிக்கை செய்யப் போனது, தேதி முடிந்த குழந்தைகள் சிரப்பைப் பெட்டி பெட்டியாக மூன்று நாள் எண்ணியது, மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்காரர்களோடு சேர்ந்து நின்று சரிபார்த்துக் கையெழுத்து வாங்க இருந்தது, போய்ப் பார்த்தால் ஒரு பெட்டி கூட இல்லாமல் அலமாரி துடைத்து வைத்திருந்தது, எல்லாம் சொன்னான். முன்கூட்டியே அவர்களுக்குத் தெரிந்தது எப்படி என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “உங்க டெலிகிராம் போஸ்ட் தான் ஆன்ட்டி” என்றான்.

நீ அனுப்பிய படம்தான். “தூசியில தும்மித் தும்மி செத்தேன்மா, பாரு என் கோலத்த” என்று முகமூடியோடு எனக்கு மட்டும் அனுப்பினாய். நான் உன் மூக்கைப் பார்க்கவில்லை, பின்னால் இருந்த பெட்டிகளைப் பார்த்தேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒன்பதாயிரம் பேர் இருக்கிற நம் குரூப்பில் தூக்கிப் போட்டு, “என் பொண்ணு தேதி முடிஞ்ச மருந்த எல்லாம் புடிச்சிட்டா, ஆடிட்னா மாஸ்” என்று நெருப்பு பொம்மை வேறு ஏழு போட்டேன். அது கை மாறிக் கை மாறி எங்கே போகக் கூடாதோ அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் ஆபீஸ் மேடம் கூப்பிட்டுக் கேட்டபோது நீ, “என் போனில் இருந்து போனது, தவறு என்னுடையது” என்று மட்டும் சொன்னாயாம். அம்மா என்ற வார்த்தை உன் வாயில் வரவே இல்லையாம். உன் தகுதிகாண் காலம் அடுத்த மாதம் முடிகிறது, விளக்கத்தை ஏற்றுக்கொள்ளாவிட்டால் வேலை நிரந்தரம் ஆகாமலே போகலாம் என்கிறான். மேடம் கேட்ட அன்றைக்குச் சாயங்காலம்தானே நீ போன் பண்ணி சங்கரா மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டாய்? நான் புளியைச் சொல்லிவிட்டு, இருநூறு பேர் ஹார்ட் போட்டிருக்கிறார்கள் என்று உன்னிடமே பெருமை அடித்தேன். நீ, “சரிம்மா, அத்த மட்டும் எடுத்துடும்மா” என்றாய், அவ்வளவுதான், குரலில் துளி கோபம் இல்லை. அந்தக் குரலுக்காகத்தான் மூன்று நாளாக அழுகிறேன், அந்தக் குரலுக்காகத்தான் நன்றியும் சொல்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். கத்துவார் என்று பயந்தேன், கத்தவில்லை, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, “இருவத்திரெண்டு வருசமா ஃபேக்டரி கேட்ல போனைக் குட்த்துட்டு உள்ள போறேன் ஞானம், உள்ள இன்னா செய்றேன்னு என்னிக்காவது உன்னான்ட சொல்லிகிறனா?” என்றார். ராணுவ ஃபேக்டரிக்காரர் வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தோன்றவில்லையே. ரிச்சர்ட் மட்டும், “அம்மா ஒரு ஆளு போதும், ஆடிட்டையே ஊத்தி மூடிடும்” என்று கிண்டல் பண்ணினான், முதுகில் ஒன்று வைத்தேன், பிறகு அவன்தான் குரூப்பில் இருந்து படத்தை எடுக்கச் சொல்லிக் கொடுத்தான். குரூப்பில் இருந்து நானும் வெளியே வந்துவிட்டேன். பன்னிரண்டாவதோடு நின்ற எனக்குப் புள்ளியியலும் கணக்குப் பதிவும் வீடியோ பார்த்துச் சொல்லிக் கொடுத்த குரூப் அது, உன்னைக் கேள்வி கேட்பதற்காக நான் படித்தது, கரையான்சாவடி ஜெராக்ஸ் கடையில் மாதிரித் தாள் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே விடை போட்டுப் பார்த்தது, எல்லாம் உன்னால் எனக்குக் கிடைத்த படிப்பு கண்ணு. பக்கத்து வீட்டு ரேணுகா, “ஆடிட்டர்னா கடைக்காரங்களுக்கு வரி எழுதறவங்க தானக்கா?” என்று கேட்டாள், இல்லடி, அரசாங்கம் செலவு பண்றதை அரசாங்க ஆளே போய்ப் பார்த்துக் கேள்வி கேட்கிற வேலை, எந்த டிகிரி முடித்தாலும் எழுதலாம் என்று அரை மணி நேரம் விளக்கினேன், அவள் பெண் இப்போது விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கேள்வி கேட்கிற வேலையைப் பற்றி அவ்வளவு பேசியவளுக்கு வாயை மூடிக்கொள்வதும் அந்த வேலையில் பாதி என்று தெரியவில்லை.

இப்போது விஷயம். இதோடு ஒரு முழுத் தாள் வைத்திருக்கிறேன். உங்கள் ஆபீஸில் கேள்வியை ஒரு பாதியில் எழுதி, பதிலுக்கு மறு பாதியைக் காலியாக விட்டுக் கொடுப்பீர்கள் என்று சொல்லியிருக்கிறாய் அல்லவா, அதே மாதிரி நடுவில் மடித்து ஒரு பாதியில் எழுதியிருக்கிறேன். படத்தை என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் குரூப்பில் போட்டேன், என்ன எழுதினேன், நீ எப்போது எடுக்கச் சொன்னாய், எல்லாம் இருக்கிறது. அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மறு பாதி மேடத்துக்கு, எவ்வளவு திட்டி எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன். உனக்குப் பத்து நாள் அவகாசம் கொடுத்த புண்ணியவதிக்கு என் வணக்கத்தையும் சொல். இதைக் கிழித்துப் போடத்தான் உனக்குத் தோன்றும், எனக்குத் தெரியும். நீ எனக்கு அனுப்பியது உன் தவறு, அதை நீ எழுது. நான் ஊருக்கு அனுப்பியது என் தவறு, அதை நான் எழுதிவிட்டேன்.

துணியில் பூஞ்சை பிடிக்கிறது என்றாயே, ரசகற்பூர உருண்டை வாங்கி அலமாரியில் போடு. காலையில் வெறும் டீயோடு ஓடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும், நூறு வருஷம் நன்றாக இரு. பதினாலாம் தேதிக்குள் பதில் கொடுக்க வேண்டும், மறக்காதே. என் பெயரை விட்டுவிட்டு எழுதினாய் என்றால், உன் முதல் தணிக்கையிலேயே தெரிந்த ஒன்றை மறைத்தவள் ஆகிவிடுவாய். அதற்கா கண்ணு உன்னைப் படிக்க வைத்தேன்? தாளைக் கொண்டுபோய்க் கொடு.

முத்தங்களுடன் உன் அம்மா,
பி. ஞானகுமாரி