வெள்ளைப் புள்ளி விழுந்த மீன்கள்

வள்ளியம்மை,

தோட்டத்துத் துரையின் பங்களா மீன்தொட்டிக்குக் கடல்தண்ணீர் எடுத்துவர இரத்தினபுரி ரயிலில் கொழும்புக்குப் போகிறேன். நாளை வந்துவிடுவேன். சோறு மூடியிருக்கிறது, சாப்பிடு.

"புது மீனைத் தனியா வைங்க, நோய் இருந்தா மத்ததுக்கும் ஒட்டிக்கும்" என்றாய். நான் கேட்கவில்லை. நம் பிள்ளை இறந்த பிறகு அந்த மீன்களிடம்தான் நீ வாய் திறந்து பேசினாய். இன்னும் ஒரு மீன் இருந்தால் சந்தோஷப்படுவாய் என்று அவசரப்பட்டு அதையும் தொட்டியில் விட்டுவிட்டேன். இப்போது எல்லாவற்றுக்கும் வெள்ளைப் புள்ளி.

மிஞ்சின இரண்டையும் உப்பில்லாத தண்ணீரில் மூன்று நிமிஷம் விட்டெடு. பிறகு பீப்பாயில் மிச்சமிருக்கும் கடல்தண்ணீரில் வை. பழைய தொட்டியில் விடாதே.

நேற்று நீ என்னைத் திட்டியிருக்கலாம்.

முத்துக்கருப்பன்

பி.கு: உன் மஞ்சள் மீன் விடியுமுன் செத்துவிட்டது. பிள்ளையின் குழிக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிறேன்.