வீரி-9 குளிர் தாங்காது

நாள் 204 | 09:40
செவ்வாய், ஹெல்லாஸ் பள்ளம். ஆயுதச் சோதனை நிலையம். பதிவு செய்பவர்: எஸ்தர் செல்வக்கனி, சோதனைப் பொறியாளர். நிலையத்தில் ஆள்: நான் ஒருத்தி.

மாதிரி: வீரி-9, அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி. எண்ணிக்கை பன்னிரண்டு. சுரங்கக் காவலர்களுக்காகச் செய்தது.

சாதாரண வெப்பத்தில் ஒவ்வொன்றிலும் ஐயாயிரம் தோட்டா சுட்டேன். சிக்கல் இல்லை. உயரத்திலிருந்து கீழே போட்டேன். தானாக வெடிக்கவில்லை. புழுதியில் புரட்டிச் சுட்டேன். பரவாயில்லை.

குளிர் அறை, மைனஸ் எண்பது. பன்னிரண்டும் சிக்கின. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை இழுத்து வெளியே எறியும் சின்னக் கொக்கி, குளிரில் கண்ணாடிபோல் முறிகிறது. எதுவும் இருபது தோட்டாவைத் தாண்டவில்லை. ஒன்று இரண்டாவதிலேயே நின்றது.

முடிவு: தோல்வி. கொக்கிக்கு வேறு உலோகம் வேண்டும். கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

நாள் 206 | 14:05
செவ்வாய்த் தலைமையகச் செய்தி. தரப் பிரிவு இயக்குநர் ராமதுரை:

"எஸ்தர், உங்க ரிப்போர்ட் பார்த்தேன். ஆர்டர் முடியப் போற நேரத்துல குளிர், கொக்கின்னு கிளம்பாதீங்க. காவலுக்கு நிக்கிறவன் ஐயாயிரம் தோட்டாவா சுடப் போறான்? இன்னொரு தடவை பாருங்க."

அதே உலோகத்தில் புதுக் கொக்கிகள் மாட்டிப் பார்த்தேன். பன்னிரண்டும் சிக்கின. அதையே எழுதி அனுப்பினேன்.

நாள் 231 | 11:20
ஜெபராஜிடமிருந்து செய்தி. என் தம்பி. மூன்றாம் சுரங்கத்தின் வெளி வாசலில் காவல். அங்கே காலையில் மைனஸ் தொண்ணூறு.

"எக்கா, புதுத் துப்பாக்கி வந்துட்டு. தரச் சான்றுல உன் பேரு, கீழ உன் கையெழுத்து. எல்லார்ட்டயும் காட்டுனேன். எங்கக்கா பாத்து விட்டது, இனி என்னல பயம்னேன்."

நான் எந்தச் சான்றிலும் கையெழுத்திடவில்லை.

11:26
பதில் அனுப்பினேன்: "ஜெபா, அதைத் தொடாத. பழைய துப்பாக்கிய எடு." போகவில்லை. வானத்தில் புழுதிப் புயல்.

18:00
போகவில்லை.

நாள் 232 முதல் 235 வரை
மணிக்கொரு தரம் அனுப்பினேன். போகவில்லை. போகவில்லை.

நாள் 236 | 10:15
புயல் ஓய்ந்தது. முதலில் வந்தது மும்தாஜின் குரல். ஜெபாவோடு காவல் நிற்கும் பெண்.

"அக்கா, நேத்து காலைல தாது வண்டியைக் கொள்ளையடிக்க வந்தாங்க. ஆறு பேரு. ஜெபா எங்களுக்கு முன்னாடி நின்னான். ரெண்டு தடவை சுட்டான். மூணாவது சிக்கிருச்சு. ஓடி வாடான்னு கத்தினேன். அவன் அதைச் சரி பண்ணவே பார்த்துட்டு இருந்தான். நீங்க பார்த்து விட்டதுன்னு அவ்வளவு நம்பிக்கை அக்கா. அவன் இல்லக்கா."

10:40
இன்று சோதனை இல்லை.

நாள் 241 | 08:30
ராமதுரை: "தம்பி விஷயம் கேள்விப்பட்டேன், வருத்தம்தான். யார்கிட்டயும் எதுவும் பேசிடாதீங்க. அந்தப் பன்னிரண்டையும் நானே வந்து எடுத்துக்கிறேன். பழைய ரிப்போர்ட்டையும் அழிச்சிடலாம். உங்களைப் பூமிக்கே மாத்தித் தர்றேன்."

என் பதில்: "வாங்க சார். குளிர் அறை அலமாரியில இருக்கும்."

09:10
பழுதான பன்னிரண்டையும் அப்புறப்படுத்தினேன். தொழிற்சாலை முத்திரை உடையாத பெட்டியைப் பிரித்து, புத்தம் புது வீரி-9 மூன்றை வைத்தேன். பக்கத்தில் இருநூறு தோட்டா. அநியாயம் செய்யக் கூடாது.

நாள் 243 | 11:58
வந்தார். தனியாக ஊர்தியை ஓட்டிக்கொண்டு. சாட்சி வேண்டாம் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

12:10
குளிர் அறைக்குள் போனார். உள்ளே மூச்சுவிடும் காற்று கிடையாது. அவர் உடையில் நாற்பது நிமிடக் காற்று. கதவை மூடிச் சோதனையைத் தொடங்கினேன். தொடங்கிவிட்டால் நூறு தோட்டா பதிவாகும்வரை கதவு திறக்காது. இல்லையென்றால் வெளியே நான் நிறுத்த வேண்டும்.

12:11
ஒலிபெருக்கியில் சொன்னேன்: "சார், நூறு தோட்டா சுட்டா கதவு தானா திறக்கும். மூணு துப்பாக்கியும் புதுசு. ஐயாயிரம் சுடும்னு சான்று இருக்கு."

12:13
சிரித்தார். பிறகு திட்டினார். பிறகு எடுத்தார்.

12:17
முதல் துப்பாக்கி. பதினான்கு. சிக்கியது.

12:19
இரண்டாவது. மூன்று. ஜெபாவைவிட ஒன்று கூடுதல்.

12:24
மூன்றாவது. ஒன்பது. சிக்கியது. கையால் இழுத்துப் பார்க்கிறார். அவருக்கு இழுக்கக்கூடத் தெரியவில்லை. இதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை போலிருக்கிறது.

12:27
"எஸ்தர், கதவைத் திற!"

"உண்மையைச் சொல்லுங்க. நிறுத்துறேன்."

12:31
"நான்தான் மாத்தினேன். தோல்வின்னு இருந்ததைத் தேர்ச்சின்னு மாத்தினேன். உன் கையெழுத்தை நான்தான் போட்டேன். குளிர்ல சுடாதுன்னு எனக்குத் தெரியும். போதுமா?"

பதினொரு சுரங்கக் காவல் நிலையங்களுக்கும் பொது அலைவரிசையில், 'கதவைத் திற' முதல் அப்படியே ஒலிபரப்பினேன்.

12:35
ஏழாம் சுரங்கம்: "கேட்டோம். எல்லாத்தையும் கீழ வச்சிட்டோம்." இரண்டாம் சுரங்கம்: "நாங்களும்." ஒவ்வொன்றாக வருகிறது. பதினொன்றும் வந்துவிட்டது.

இதற்குத்தான் செய்தேன். இத்தோடு முடிந்தது. நிறுத்தப் போகிறேன்.

12:38
மும்தாஜ்: "அக்கா, கேட்டேன். ஜெபாவ இன்னும் புதைக்கல. தரை உறைஞ்சு கிடக்கு, தோண்ட முடியல. அக்கா, திறந்துராதீங்க."

12:41
சொன்ன சொல் இருக்கிறது. கை பொத்தான்மேல்தான் இருக்கிறது.

12:44
"எஸ்தர், தாயே. எனக்கும் பிள்ளைங்க இருக்காங்கம்மா."

எனக்கு ஒரே தம்பிதான். அவன் மூன்று வயதில் என் இடுப்பில்

12:46
அழுத்தவில்லை.

12:48
தட்டுகிறார். துப்பாக்கியின் பிடியால். அதற்காவது உதவுகிறது.

12:51
தட்டுவது நின்றது.

12:52
எழுந்தேன்.

12:53
உட்கார்ந்துவிட்டேன்.

13:30
பசிக்கிறது.