பக்கத்து ஜன்னலை மூடியது கம்ப்யூட்டர் இல்லை

அன்பு மச்சான் கலியபெருமாளுக்கு,

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. நீ இருந்தபோது உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லாத ஒன்றை, இப்போது நாலு பேர் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மளிகைக் கடை நடக்கிறது. இரண்டு மணிக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து பஸ் வந்து நின்றால் இன்றைக்கும் கூட்டம்தான், ஆனால் பாதிக் கூட்டம். பெர்மனன்ட் ஆட்கள் நீள லிஸ்ட்டோடு வருகிறார்கள். கான்ட்ராக்ட் பெண்கள் கடையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர்களுக்காகத்தானே கடையின் பக்கத்து ஜன்னலில் பதினெட்டு வருஷம் நின்றாய்? ஐம்பது கிராம் பருப்பையும் கொஞ்சம் புளியையும் முன்கூட்டியே பொட்டலம் கட்டி, வாய் திறந்து கேட்குமுன் கையில் கொடுப்பாயே.

என் மகள் கயலின் வேலை உனக்குத் தெரியும். நிஜக் கடையில் கை வைப்பதற்கு முன், அதே மாதிரி ஒரு கடையைக் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்ப்பது. யார் எப்போது வருகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கொடுத்தால், எங்கே ஆள் வேண்டும், எங்கே வேண்டாம் என்று காட்டும். சிமுலேஷன் என்கிறாள். லீவில் வந்தவளிடம், நம் கடைக்கும் பண்ணிக்கொடு என்று நான்தான் கேட்டேன்.

வாட்சை வைத்துக்கொண்டு முன்வரிசையை ஒரு வாரம் கணக்கெடுத்தாள். அப்புறம் கேட்டாள்: "பக்கத்து ஜன்னல்ல மாமா ஏன்ப்பா தனியா நிக்கறாரு? ஏதாவது காரணம் இருக்கா?"

"ஒரு காரணமும் இல்லம்மா. எல்லாரையும் ஒரே வரிசையில போட்டுடு."

தெரிந்தே சொன்ன பொய், மச்சான். ஏன் சொன்னேன்? கடை என் பேரில். கல்லாவில் இருப்பவன் நான். வருகிறவர்களோ என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "கலியபெருமாள் அண்ணன் இல்லீங்களா?" என்பார்கள். எனக்கு வயிறு எரியும். சைக்கிளில் மூட்டை வைத்து டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காக விற்று மேலே வந்தவனுக்கு இவ்வளவு அற்பப் புத்தி.

திரையில் பச்சைப் புள்ளிகள் நகர்ந்ததை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். நீ கேட்டாய்: "மாமா, இதுல கான்ட்ராக்ட்டு புள்ளி எது?"

"புள்ளியில என்னய்யா பெர்மனன்ட்டு, கான்ட்ராக்ட்டு? அதுக்கும் இவன் பி.எஃப் புடிச்சிடுவான் போல!" என்றேன். கடையே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

அப்புறம், "ஜன்னலுக்கு ஆள் வேணாம்னு கம்ப்யூட்டர் சொல்லுது மச்சான், நான் என்ன பண்ண?" என்றேன். நீ திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். "கம்ப்யூட்டரே சொன்னா சரிதான் மாமா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனாய். அன்றைக்கே உனக்குப் புரிந்துவிட்டதா?

போன மாதம் கயல் வந்தாள். கூட்டம் குறைந்ததைப் பார்த்து, அவளே பஸ் ஸ்டாப்பில் போய் அந்தப் பெண்களிடம் கேட்டிருக்கிறாள். ஒருத்தி சொன்னாளாம்: "சூப்பர்வைசருங்க நீட்டு லிஸ்ட்ட வச்சிகினு நிக்கறாங்க. நடுவுல நின்னுகினு அம்பது கிராம் தொவரம்பருப்புன்னு கேக்க வாய் வருமா பாப்பா?"

அந்தக் கூச்சத்தையும் கயல் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்து மறுபடி ஓட்டினாள். பாதிப் புள்ளிகள் வாசல் வரை வந்து திரும்பிப் போயின. "இது உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்றாள். நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவளும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இதைவிடப் பெரிய அடி உன் கருமாதி அன்றே விழுந்துவிட்டது. உன்னை வேலையை விட்டு நிறுத்தியதற்காக உங்கள் ஆட்கள் யாரோ என்னை ஏசப் போக, செல்வி குறுக்கே வந்தாள்: "அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தக் கம்ப்யூட்டருதான் எங்க ஊட்டுக்காரர வேணாம்னுடுச்சி. அவரு பாவம், என்னா பண்ணுவாரு?" எனக்காக உன் பெண்டாட்டி பரிந்து பேசினாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன், மச்சான். முழுதாகச் சாப்பிட்டேன்.

ஜன்னலைத் திறந்துவிட்டேன். ஆள் போட்டிருக்கிறேன். அதைப் பரிகாரம் என்று சொல்ல மாட்டேன், அது வியாபாரம். வருகிற ஞாயிறு வடக்குத்தில் உன் வீட்டுக்குப் போகிறேன். அன்றைக்கு ஏசினவர்களையும் கூட்டிவைத்து, செல்வியிடம், "கம்ப்யூட்டர் இல்ல தங்கச்சி, நான்தான்" என்று சொல்லப் போகிறேன். அதற்கப்புறம் அவள் என்னை அண்ணன் என்று கூப்பிடுவதும் விடுவதும் அவள் இஷ்டம். இது சத்தியம்.

ரத்த உறவில்லாமலே நீ மாமா என்று கூப்பிட்ட,
சம்பந்தம்
நெய்வேலி